தூக்கிப் பிடித்த உலக்கை

முன்னொரு காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்கா இன்னும் தனி தேசமாகாத நாளில், ஓர் உலக்கை இருந்தது.

உலக்கைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கேயும் நெல் விளைந்தது, ஐயா. தென்கரையோரச் சதுப்பு நிலத்தில் வரப்புப் போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்து வந்த ஜனங்களை அதில் இறக்கி விட்டார்கள். விதைத்தது, களை பறித்தது, அறுத்தது, குத்தியது எல்லாம் அந்த ஜனங்கள். சாப்பிட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் உலக்கை இருந்தது ஒரு குத்துக் கொட்டகையில். துணைக்கு, அடிமரத்தைக் குடைந்து செய்த ஒரு கிழட்டு உரல். புல்லை முறுக்கிப் பின்னிய ஒரு வாயாடி முறம். மூலையில் இன்னோர் உலக்கையும் சாய்ந்திருந்தது. அதைப் பிடித்துக் குத்திய ஜூனோ என்ற பெண் விஷக்காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகிறது. அன்றையிலிருந்து அது பேசுவதை நிறுத்திவிட்டது. கை படாத உலக்கைக்குப் பேச்சு ஏது?

கொட்டகைக்கு எதிரே ஓர் அறை. அதன் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. சாயங்காலமானால் தோட்டத்துக் கோடரி, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாருக்கும் கஞ்சி கிடையாது.

"என்னையும் ஒரு நாளைக்கு உள்ளே விடேன்" என்று உலக்கை ஒருமுறை பூட்டிடம் கேட்டது. "அங்கே கூட்டமா இருக்காங்க. இங்கே எனக்குப் பேச்சுத் துணை இல்லை."

"உன்னையா?" பூட்டுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் பூட்டறது ஆயுதங்களை. ராத்திரியில ஆம்பளைங்க கையில கிடைச்சிடக் கூடாதுன்னு துரைக்குப் பயம். நீ பொம்பளைங்க சாமான். உன்னைப் பார்த்து யாருக்குப் பயம்?"

உலக்கைக்கு மனசு விட்டுப் போயிற்று. "நீ ஏன் அதுகிட்டப் போய்க் கெஞ்சறே?" என்றது முறம். "இரும்புக்கு இரும்பைத்தான் தெரியும். நான்தான் இருக்கேனே, பேசு." பேசவும் செய்தது, உலக்கைக்குக் காது புளித்துப் போகும் வரைக்கும்.

உரல் அவ்வளவாக வாய் திறக்காது. எப்போதாவது, "மத்தளத்துக்கு ரெண்டு பக்கம் இடி, எனக்கு ஒரு பக்கம்தான். அந்த மட்டுக்கு நான் குடுத்து வெச்சவன்" என்று சொல்லிவிட்டுக் கம்மென்று இருந்துவிடும்.

இந்த மூன்றோடும் பகலெல்லாம் கிடந்தவள் மிம்பா. ஜூனோ இருந்தபோது இருவரும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள், பேச்சும் அதனூடே ஓடும். இப்போது மிம்பா ஒருத்திதான். மற்ற ஜனமெல்லாம் தூரத்து வயலில். பேச ஆள் இல்லாமல் அவள் உரலோடும் உலக்கையோடும் பேசிக்கொண்டிருப்பாள். "இன்னிக்கு நெல் ஈரமா இருக்கு, பார்த்தியா" என்பாள். "ஆமா" என்று உரல் சொல்லும். அது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, அவள் மேற்கொண்டு பேசுவாள். பாவம், வேறு எங்கே போவாள்?

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெரிய துரை, கால் இரண்டும் வீங்கி, மாளிகை மாடியில் படுத்த படுக்கை. மரங்கள் மறைப்பதால் கொட்டகை அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொம், தொம் என்று குத்துகிற சத்தம் காதுக்குக் கேட்கும். சத்தம் வருகிற வரைக்கும் தன் நெல் அரிசியாகிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார். நின்றால் கைமணியை அடிப்பார். மணி அடித்தால் கங்காணி ஹாப்டன் சவுக்கோடு வருவான். அதனால் மிம்பாவுக்குக் காவல் போட வேண்டிய அவசியமே இல்லை. அவள் எழுப்புகிற சத்தமே அவளைக் கட்டிப் போட்டிருந்தது.

அவளுடைய மூத்த பையன் குவாகோவைப் படகில் ஏற்றியது அப்படித்தான். தெற்கே கடலுக்குள், கரும்பு விளைகிற தீவு ஒன்று உண்டு. அங்கே விற்கப்பட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. "சத்தம் நிக்கக் கூடாது" என்று கங்காணி சொல்லிவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு போனான். மிம்பா குத்தினாள். இரண்டு குத்துக்கு நடுவில் ஆற்றுப் பக்கமிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது பையன் மிங்கோ போனபோதும் நிறுத்தவில்லை. அந்த இரண்டு நாளும் உலக்கைதான் அவள் கையில் இருந்தது. கை நடுங்கினது அதற்குத் தெரியும்.

இப்போது மிச்சமிருப்பது பீனா. பதினாலு வயசு. அம்மா குத்தக் குத்த, பக்கத்தில் உட்கார்ந்து புடைப்பாள். அந்த முறத்தை மகளுக்கென்று பின்னிக் கொடுத்ததே மிம்பாதான்.

கங்காணிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் ஒருதரம் வந்து உரலுக்குள் தலையைக் குனிந்து, அரிசியை அள்ளி, குருணை விழுந்திருக்கிறதா என்று கிளறுவான். முழு அரிசிக்குத்தான் கப்பலில் மரியாதை. அவன் பார்த்து முடித்துத் தலையை எடுக்கும் வரை, குத்துகிறவள் தூக்கின உலக்கையைத் தூக்கினபடியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இறக்கிக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் சோம்பேறித்தனம். அவனும் அவசரப்பட மாட்டான். உள்ளே குனிந்தபடியே கதை பேசுவான். மேலே கை கடுத்துப் போய்ப் பெண்கள் நிற்கிறார்கள் என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். ஹாப்டனுக்குப் பயம் என்ற பேச்சே கிடையாது. பத்து வருஷமாகத் தினம் தலையைக் கொடுத்தான். ராத்திரியில் இரும்பையெல்லாம் எண்ணிப் பூட்டிவிட்டு இடுப்பில் சாவியோடு தூங்குகிற அதே மனுஷன்தான்.

ஒரு நாள் காலை அவன் வந்தான். பனி இன்னும் விலகவில்லை.

"படகு வந்து நிக்குது" என்றான். "மத்தியானம் ஆத்துல தண்ணி ஏறினதும் கிளம்பிடும். பீனாவை அனுப்பச் சொல்லி துரை உத்தரவு."

புடைத்துக்கொண்டிருந்த பீனாவின் கை நின்றுவிட்டது.

"ஐயா" என்றாள் மிம்பா. "எனக்கு இவ ஒருத்திதான் மிச்சம். என்னை அனுப்புங்க. நான் நல்லா உழைப்பேன்."

"உன்னை அனுப்பிட்டா இங்கே குத்தறது யாரு? நிறுத்தாதே."

அவள் நான்கு குத்துக் குத்தினாள்.

"இரு, பார்க்கிறேன்" என்று சொல்லி அவன் உரலுக்குள் குனிந்தான். மிம்பா உலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று உலக்கை கேட்டது.

"குருணை தேடறான்" என்றது உரல். "உனக்கு ஏன் இப்படி உதறுது?"

"எனக்கு உதறலை. அவ கைதான்."

உரலுக்குள்ளிருந்து கங்காணியின் குரல் வந்தது. "நீயே அவ கையைப் பிடிச்சுத் துறைக்குக் கூட்டிட்டு வந்துடு. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினா ரெண்டு பேருக்கும் அடி விழும். அவளை ஏத்திவிட்டுட்டுத் திரும்பி வந்து மிச்ச நெல்லைக் குத்து. பொழுதுக்குள்ள முடிஞ்சாகணும்."

மிம்பாவின் கை நடுக்கம் நின்றது. அது நின்றவுடன் உலக்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கை தவறி விழுந்தது என்று பின்னால் சிலர் சொல்லிப் பார்த்தார்கள், அவள் மேல் இரக்கப்பட்டு. அப்படியெல்லாம் இல்லை. அவள்தான் இறக்கினாள். பத்து வருஷம் நெல்லில் இறங்கிய பலம் முழுதும் அதில் இறங்கியது. அவன் சரிந்து விழுந்த பிறகு இரண்டாம் தடவையும் இறக்கினாள்.

கொட்டகையில் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் பீனா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"நான் கொன்னுட்டேனா?" என்றது உலக்கை.

"உன் கவலையை அப்புறம் வெச்சுக்கோ" என்றது உரல். "சத்தம் நின்னுடுச்சு."

மாளிகையில் கைமணி அடித்தது.

மிம்பா உடனே உலக்கையை எடுத்துக் குத்தத் தொடங்கினாள். தொம். தொம். மணி ஓய்ந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"பீனா, உமியை அள்ளி அவன் மேல போடு" என்றாள், குத்திக்கொண்டே. "கால் தெரியுது பாரு. அந்த வைக்கோலையும் இழுத்துப் போடு."

பீனா அழுதுகொண்டே போட்டாள்.

"இந்த அரிசியைத் துணியில கட்டிக்கோ. முறத்துல உமியை நிரப்பித் தலையில வெச்சுக்கோ. வழியில யாராவது கேட்டா, சதுப்பு ஓரம் உமி கொட்டப் போறேன்னு சொல்லு. அந்தப் பக்கம் இறங்கினதும் தெற்காலயே நட. தெற்கே வேற ராஜா சீமை. அங்கே போயிட்டா இவங்க சட்டம் செல்லாது. தண்ணிக்குள்ளயே நட, நாய்க்கு வாசனை கிடைக்காது."

"நீயும் வாம்மா."

"நான் வந்தா சத்தம் நின்னுடும். நின்னா மணி அடிக்கும். ஹாப்டன் வரலைன்னா ஆளை அனுப்புவாங்க. நாம வயல் வரப்பைத் தாண்டறதுக்குள்ள நாய் வந்துடும், கண்ணு."

"அப்ப நானும் போகலை."

"ரெண்டு பேரை விட்டுட்டேன். அந்த ரெண்டு தடவையும் இதே மாதிரி குத்திட்டுத்தான் இருந்தேன். இன்னிக்காவது இந்தச் சத்தம் எனக்குப் பிரயோஜனப்படட்டும். போ."

பீனா முறத்தைத் தலையில் ஏற்றினாள். வாயாடி முறம் உலக்கையைப் பார்த்து, "வரேன்" என்று மட்டும் சொல்லிற்று.

"போயிட்டு வரேம்மா" என்றாள் பீனா.

எந்தத் தாயும் சொல்லாததை மிம்பா சொன்னாள். "வரேன்னு சொல்லாதே. போறேன்னு சொல்லு."

பீனாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சொல்லாமலே போய்விட்டாள். உலக்கையைத் தூக்கும்போது மட்டும் மிம்பாவால் வாசலைப் பார்க்க முடிந்தது. மூன்று தடவை பார்த்தபோது மகள் தெரிந்தாள். நான்காவது தடவை தெரியவில்லை.

அதன் பிறகு அந்தக் கொட்டகையில் ஒரு பெண், ஓர் உரல், ஓர் உலக்கை, ஒரு பிணம். மிம்பா குத்தினாள். உரலும் உலக்கையும் அவளிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தன. வயலில் நூறு பேர் கையால் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் அவள் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அவர்கள் முதுகுத் தோல்தான் உரியும். அன்றைக்கு அவளைப் போலத் தனியாக இருந்தவர்கள் அந்தக் கரை முழுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உச்சிப் பொழுதுக்கெல்லாம் நெல் தீர்ந்தது. அரிசி மாவாயிற்று. மாவும் சிதறிப்போய், உரலின் சத்தம் மாறத் தொடங்கியது.

"வெறும் உரல் சத்தம் கேட்குது" என்றது உலக்கை. "துரை கண்டுபிடிச்சிடுவார்."

"என்னால வேற குரல்ல பேச முடியாது" என்றது உரல் வருத்தத்தோடு. "வயித்துல ஏதாவது இருந்தாத்தான் என் சத்தம் அமுங்கும்."

மிம்பாவுக்கு அது தெரியாதா? ஒரு கையால் குத்திக்கொண்டே இன்னொரு கையால் உமியை அள்ளி உரலில் போட்டாள். சத்தம் பழையபடி அமுங்கி வந்தது. உமியைக் குத்திக் கை நொந்தாற்போல என்று வீண் வேலைக்குச் சொல்வார்கள். அவள் அன்றைக்குக் குத்திய உமிக்குச் சமமாக ஒரு நல்ல வேலை அந்தத் தோட்டத்தில் அதுவரை நடந்ததில்லை.

துறையில் படகுக்காரர்கள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு மாளிகைக்கு ஆள் அனுப்பினார்கள். "குத்தற சத்தம் கேக்குதே" என்றார் துரை. "ஹாப்டன் அங்கேதான் நின்னு பார்த்துட்டு இருப்பான். வருவான், இருங்க." ஏறின தண்ணீர் இறங்கத் தொடங்கியது. உலக்கையின் நடுப்பாகம் ஈரமாயிற்று. வியர்வை என்றுதான் உலக்கை முதலில் நினைத்தது. பார்த்தால் மிம்பாவின் உள்ளங்கை கிழிந்திருந்தது.

"கொஞ்சம் நிறுத்திக்கோம்மா" என்றது உலக்கை.

அவள் நிறுத்தவில்லை.

வெயில் சாய்கிற வேளையில் பொறுமை இழந்து இரண்டு படகுக்காரர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஒருவன் உரலுக்குள் பார்த்து, "என்னடி, வெறும் உமியைக் குத்தறே?" என்றான். மற்றவன் உமிக் குவியலில் ஒரு பூட்ஸைப் பார்த்தான். மிம்பா அப்போதுதான் உலக்கையைக் கீழே வைத்தாள்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். முதல் வேலையாகப் பிணத்தின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, எதிர் அறைக் கதவைத் திறந்து கோடரியையும் அரிவாளையும் எண்ணினார்கள். "எல்லாம் உள்ளேதான் இருக்கு, ஒண்ணு குறையலை" என்று பூட்டு பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதற்கு என்ன தெரியும்?

விசாரணைக்கு அக்கம்பக்கத்துத் தோட்ட முதலாளிகள் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். மேஜை மேல் உலக்கையைக் கிடத்தினார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அடிச்ச ஆம்பளை யாரு?"

"ஆம்பளை யாரும் இல்லை. நான்தான்."

"யாரைக் காப்பாத்தறே?"

"யாரையும் இல்லை, ஐயா. அப்போ அங்கே எனக்கு யாருமே இல்லை."

அவர்கள் நம்பவில்லை. வயலிலிருந்து குவாமி என்று ஒரு கட்டுமஸ்தான ஆளைப் பிடித்து வந்து, இவன்தான் என்று முடிவு கட்டினார்கள். சும்மா இருந்தால் அவள் கழுத்து தப்பியிருக்கும். மிம்பா மேஜையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அவனை விட்டுடுங்க. அந்த உலக்கையை என் கையில குடுங்க, எப்படின்னு காட்டறேன்" என்றாள். மூன்று பேரில் ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்காலிகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. குவாமியை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கேள்வி, "உன் மக எங்கே?"

"தெரியாது" என்றாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. பீனா சதுப்பில் மூழ்கிவிட்டாளோ, நாய் பிடித்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. சிறைக் கொட்டடியில் அவள் ஒருத்திதான். பேசுவதற்கு அங்கே ஓர் உரல்கூடக் கிடையாது.

மறுநாளும் அதையே கேட்டார்கள். அடித்தும் கேட்டார்கள். மூன்றாம் நாள் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. மகள் கிடைத்திருந்தால் இவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? அன்றையிலிருந்து காலையில் கதவு திறக்கிற சத்தத்துக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். அவர்கள் வந்து அதட்டிக் கேட்டுவிட்டுப் போனால் அன்றைய கஞ்சி தொண்டைக்குள் இறங்கும். ஒரு நாள், கேட்க வருகிற சிறை அதிகாரிக்கு வேறு வேலை வந்து கேட்க மறந்துவிட்டான். அன்று முழுதும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தூக்குப் போடுகிற நாள் வந்தது. ஊர் பார்க்கட்டும் என்று உலக்கையையும் அவளோடு வண்டியில் போட்டுக் கொண்டு போனார்கள். வழி நெடுகக் கூட்டம். அதில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கை கட்டியிருந்ததால் அவள் உலக்கையைத் தொட முடியவில்லை. அது உருண்டு உருண்டு அவள் கால் பக்கம் வந்து கிடந்தது. "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

மரத்தடியில் வண்டி நின்றது. கயிற்றை மாட்டினார்கள். அதிகாரி கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "கடைசியாக் கேக்கறேன். உன் மக எங்கே?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து உலக்கை பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னொரு தரம் கேளுங்க, ஐயா" என்றாள்.